ஜப்பான்: அரிசியால் அளந்த நாடு

சென்ற மாதக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது இளம் உறுப்பினர் ஒருவர் என்னிடம் கேட்டார். "அண்ணாச்சி, ஜப்பான்காரன் முன்னேறினான், முன்னேறினான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். காரும் டி.வி.யும் செய்தான், சரி. அங்கே நம்மை மாதிரி பலசரக்குக் கடைக்காரன் ஒருத்தன் இருக்கிறானா, இல்லையா?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. நான் ஜப்பானுக்குப் போனவன் அல்லன். படிப்பும் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் அரிசி, பருப்பு மொத்த வியாபாரத்தில் நாற்பது வருடம் போய்விட்டது. இந்தக் கேள்வி மனதில் தங்கிவிட்டதால், கிடைத்த புத்தகங்களைத் தேடிப் பிடித்துப் படித்தேன். ஒரு நாட்டின் சரித்திரத்தை ராஜாக்கள் வழியாகப் படிக்கலாம், யுத்தங்கள் வழியாகவும் படிக்கலாம். நான் நமக்குத் தெரிந்த வழியில், மூட்டையையும் தராசையும் கல்லாப்பெட்டியையும் பிடித்துக்கொண்டு படித்தேன். ஜப்பானைப் பொறுத்தவரை அதுதான் நேர்வழி என்றும் பட்டது. ஏனென்றால் 250 வருடங்களுக்கு மேல் அந்த நாட்டில் பிரபுவின் அந்தஸ்து முதல் சிப்பாயின் சம்பளம் வரை எல்லாவற்றையும் அரிசியில்தான் அளந்தார்கள்.

நிலமும் கடலும்

முதலில் நாட்டைப் பார்த்துவிடுவோம். ஹொக்கைடோ, ஹொன்ஷு, ஷிகொக்கு, க்யூஷு என்ற நான்கு பெரிய தீவுகள். சுற்றிலும் சிறு தீவுகள். 2023-ல் அந்த அரசாங்கம் புதிதாக எண்ணிப் பார்த்தபோது மொத்தம் 14,125 தீவுகள் என்று கணக்கு வந்தது. அதற்கு முன்பு வரை 6,852 என்றே சொல்லி வந்தார்கள். நில அளவு நுட்பமானதால் கணக்கு இரட்டிப்பானது. ஸ்டாக் சரிபார்த்தால் குறைவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இப்படிக் கூடியதைக் கேள்விப்பட்டதில்லை!

மொத்தப் பரப்பு ஏறக்குறைய 3 லட்சத்து 78 ஆயிரம் சதுர கிலோமீட்டர், நம் ராஜஸ்தானை விடச் சற்றுப் பெரியது. மக்கள் தொகை சுமார் 12 கோடியே 30 லட்சம். அது வருடா வருடம் குறைந்து வருகிறது. நிலத்தில் முக்கால் பங்கு மலையும் காடும். விவசாயத்துக்கு உதவும் நிலம் எட்டில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். ஃபூஜி மலை 3,776 மீட்டர் உயரமுள்ள எரிமலை. கடைசியாக வெடித்தது 1707-ல். பூகம்பம் அங்கே அன்றாட விஷயம். 1923 செப்டம்பர் 1-ஆம் தேதி டோக்கியோ, யோகோஹாமா பகுதியில் வந்த பூகம்பத்திலும் தீயிலும் ஒரு லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். 1995 ஜனவரியில் கோபே நகரம் இடிந்தது. 2011 மார்ச் 11-ல் வடகிழக்குக் கரையை ஆழிப்பேரலை அடித்துக்கொண்டு போனது. ஃபுகுஷிமா அணுமின் நிலையமும் அதில்தான் சேதமானது.

இருக்கிற சொற்ப நிலத்தில் நெல், சுற்றியுள்ள கடலில் மீனும் கடற்பாசியும், மலைச்சரிவில் தேயிலை. இவற்றோடு சோயா மொச்சையைப் புளிக்கவைத்துச் செய்யும் மீசோ என்ற விழுது, சோயா சாறு. அவர்கள் சமையலறை இவ்வளவில் அடங்கிவிடும். வடக்கே ஹொக்கைடோவில் அறுத்துக் காயவைத்த கொம்பு என்ற கடற்பாசி கப்பலேறி, மேற்குக் கரையைச் சுற்றி ஒசாகாவுக்கு வந்து இறங்கும். அதைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர்தான் அவர்களுடைய ரசம், சாறு எல்லாவற்றுக்கும் அடிப்படை. அந்தப் பாசியில் இருக்கும் ருசி எது என்று ஆராய்ந்துதான் 1908-ல் இக்கேடா கிக்குனாயே என்ற பேராசிரியர் ஒரு உப்பைப் பிரித்தெடுத்தார். அடுத்த வருடமே அது அஜினோமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்துவிட்டது. நம் கடைகளில் அதன் பெயர் கெட்டது வேறு கதை.

சரித்திரம், சுருக்கமாக

கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் கொரியா வழியாகப் புத்த மதம் வந்தது. எழுத்து சீனத்திலிருந்து வந்தது. 710-ல் நாரா தலைநகர், 794-ல் இன்றைய கியோட்டோ. நாராவில் உள்ள பெரிய வெண்கல புத்தர் சிலைக்கு 752-ல் கண் திறக்கும் சடங்கு நடந்தபோது, தூரிகை பிடித்துக் கண் எழுதியவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. ஜப்பானியர் தங்கள் அகரவரிசையை அ, இ, உ, எ, ஒ, பிறகு க, ச, த, ந என்று இன்றும் அடுக்குகிறார்கள். இதுவும் சமஸ்கிருத எழுத்தைப் படித்த புத்தத் துறவிகள் வழியாகப் போன முறையே. உலகத்தின் முதல் நாவல்களில் ஒன்றாகச் சொல்லப்படும் கெஞ்சியின் கதையை 11-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் முராசாக்கி ஷிக்கிபு என்ற பெண்மணி எழுதினார்.

பிறகு அரசர் பெயரளவில் இருக்க, ஆயுதம் ஏந்திய சாமுராய்கள் கைக்கு அதிகாரம் போயிற்று. அவர்கள் தலைவனுக்கு ஷோகன் என்று பெயர். 1274, 1281 என்று இரண்டு முறை மங்கோலியர் படையெடுத்து வந்து தோற்றுத் திரும்பினார்கள். 1543-ல் போர்ச்சுகீசியர் துப்பாக்கியோடு வந்தார்கள். உள்நாட்டுச் சண்டை நூறு வருடம் நடந்து, 1600-ல் செக்கிகஹாரா யுத்தத்தில் வென்ற டொக்குகாவா இயேயாசு 1603-ல் ஷோகன் ஆனார். அவருடைய வம்சம் எடோ நகரத்திலிருந்து 1868 வரை ஆண்டது. அந்த எடோதான் இன்றைய டோக்கியோ.

இந்த 265 வருடம்தான் நமக்கு முக்கியம். பெரும்பாலும் யுத்தம் இல்லை. 1639-க்குப் பிறகு போர்ச்சுகீசியரை விரட்டிவிட்டு, நாகசாகி துறைமுகத்தில் ஒரு சின்னத் திட்டில் டச்சுக்காரரையும், பக்கத்திலேயே சீனரையும் மட்டும் வியாபாரம் செய்ய விட்டார்கள். கதவை ஏறக்குறையச் சாத்திக்கொண்ட வீட்டுக்குள்தான் ஜப்பானிய வியாபாரி வளர்ந்தான்.

கடைசிப் படியில் வியாபாரி

அன்றைய ஜப்பானில் நான்கு படிநிலை. முதலில் சாமுராய், அடுத்து உழவர், மூன்றாவது கைவினைஞர், கடைசியில் வியாபாரி. உழவன் விளைவிக்கிறான், தச்சன் செய்கிறான், வியாபாரி ஒன்றும் செய்யாமல் இங்கே வாங்கி அங்கே விற்று லாபம் தின்கிறான் என்பது அவர்கள் எண்ணம். நம் காதுக்கும் இது புதிய பேச்சு அல்ல.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பிரபுக்களுக்கு, அதாவது டைமியோக்களுக்கு, வருமானம் நெல் வரிதான். ஒரு கொக்கு என்பது 180 லிட்டர், சுமார் 150 கிலோ அரிசி. ஓர் ஆள் ஒரு வருடம் சாப்பிடும் அளவு என்று வைத்துக்கொண்டார்கள். கனாசாவாவை ஆண்ட மாயேடா குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொக்கு. பிரபுக்களில் அதுவே பெரிது. சாமுராயின் சம்பளமும் கொக்குதான். 1635 முதல் ஒவ்வொரு டைமியோவும் ஒரு வருடம் சொந்த ஊரிலும் ஒரு வருடம் எடோவிலும் இருக்கவேண்டும், பெண்டாட்டி பிள்ளைகள் எடோவிலேயே தங்கவேண்டும் என்று ஷோகன் சட்டம் செய்தார். பரிவாரத்தோடு போக வரச் செலவு, எடோ மாளிகைச் செலவு, துணிமணிச் செலவு. இவை எதற்கும் அரிசியை அப்படியே கொடுக்க முடியாது, காசு வேண்டும். அரிசியைக் காசாக்க யாரிடம் போவது? கடைசிப் படியில் நிற்கிறவனிடம்தான்.

அந்த மாற்றம் நடந்த ஊர் ஒசாகா. நாட்டின் சமையலறை என்றே அதற்குப் பெயர். பிரபுக்கள் ஒசாகா ஆற்றங்கரையில் ஆளுக்கொரு கிட்டங்கி கட்டி, வரி அரிசியைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். வியாபாரி பணத்தைக் கட்டினால் மூட்டைக்குப் பதில் ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். ஒரு சீட்டுக்குப் பத்து கொக்கு. சீட்டைக் கொண்டுபோய்க் கிட்டங்கியில் காட்டினால் அரிசி கிடைக்கும். கொஞ்ச நாளில் அரிசியை யாரும் தொடாமல் சீட்டே கைமாற ஆரம்பித்தது. யொடொயா என்ற பெரிய வியாபாரியின் கடை வாசலில்தான் முதலில் இந்தச் சந்தை கூடியது. அந்தக் குடும்பத்துக்கு டைமியோக்கள் பட்ட கடன் கொஞ்சநஞ்சமல்ல. 1705-ல் அரசாங்கம், யொடொயா தன் அந்தஸ்துக்கு மீறி ஆடம்பரமாக வாழ்கிறார் என்று சொல்லி, சொத்து முழுவதையும் பறிமுதல் செய்தது. அவரிடம் பிரபுக்கள் பட்ட கடன்களும் அதோடு ஒழிந்தன. கடன் கொடுத்தவன் கணக்கைத் தீர்க்க இப்படியும் ஒரு வழி உண்டு! இன்று ஒசாகாவில் யொடொயா பாலம் என்ற பெயர் மட்டும் இருக்கிறது.

டோஜிமா அரிசிச் சந்தை

சந்தை பக்கத்திலிருந்த டோஜிமா என்ற இடத்துக்கு மாறியது. 1720-களில் விளைச்சல் நன்றாக இருந்து அரிசி விலை இறங்கிக்கொண்டே போனது. மற்ற சாமான் விலை இறங்கவில்லை. அரிசியைச் சம்பளமாக வாங்கும் சாமுராய்கள் திண்டாடினார்கள். அப்போதைய ஷோகன் யொஷிமுனே, அரிசி விலையை ஏற்றுவதற்கே பாடுபட்டதால் அரிசி ஷோகன் என்று பெயர் வாங்கியவர். சூதாட்டம் என்று அதுவரை அதிகாரிகள் தடுத்துவந்த முன்பேர வியாபாரத்தை, 1730-ல் அவரே அனுமதித்தார். உலகத்தில் ஒழுங்கு செய்யப்பட்ட முதல் முன்பேரச் சந்தை இதுவே என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். சிகாகோ சந்தை ஏற்பட்டது 1848-ல்.

அங்கே இரண்டு விதமான பேரம். ஒன்று, கையில் உள்ள சீட்டை ரொக்கத்துக்கு விற்பது. மற்றது ஏட்டுப் பேரம். இதில் சரக்கும் இல்லை, சீட்டும் இல்லை. ஒரு குறிப்பிட்ட அரிசியை அளவுகோலாக வைத்துக்கொண்டு, வாங்கினேன், விற்றேன் என்று ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். தவணை முடிவில் வித்தியாசத்தை மட்டும் கொடுத்து வாங்குவார்கள். வருடத்துக்கு மூன்று தவணை. நடுவில் நின்று கணக்கை நேர் செய்யத் தனி வீடுகள் இருந்தன.

நாள் முடிவில் நடக்கும் காட்சியைப் படித்தபோது எனக்கு நம் பருத்தி ஏலமும் மிளகாய் ஏலமும் நினைவுக்கு வந்தன. ஒரு திரியைக் கொளுத்திப் பெட்டியில் தொங்கவிடுவார்கள். அது எரிந்து அணையும் நேரத்தில் நிற்கும் விலைதான் அன்றைய முடிவு விலை. அதற்குத் திரி விலை என்றே பெயர். திரி அணைந்த பிறகும் கத்திக்கொண்டு நிற்கும் வியாபாரிகள் மேல் வாளியில் தண்ணீர் மொண்டு வீசி விரட்டுவார்கள். அதற்கென்றே ஆட்கள் உண்டு. ஹிரோஷிகே என்ற ஓவியர் இதை ஒரு படமாகவே போட்டிருக்கிறார். விலையை மற்ற ஊர்களுக்குத் தெரிவிக்க, மலைக்கு மலை ஆள் நிறுத்திக் கொடி அசைத்தார்கள். அடுத்த மலைக்காரன் தொலைநோக்கியில் பார்த்துத் தன் கொடியை அசைப்பான். டெலிபோன் பரவும் வரை இது நடந்தது.

ஏட்டுப் பேரத்தால் நன்மை இல்லாமல் இல்லை. கிட்டங்கியில் அரிசி வைத்திருப்பவன், விலை இறங்கினால் மூழ்கிவிடாமல் இருக்க முன்பேரத்தில் விற்று வைக்கலாம். ஆனால் ஆசைக்கு அளவில்லை. பிரபுக்கள் பணமுடையில் இருப்பு அரிசிக்கு மேலாகவே சீட்டு அச்சடித்து விற்க ஆரம்பித்தார்கள். அரிசி இல்லாத சீட்டு! 1761-ல் அரசாங்கம் இதைத் தடைசெய்தது. தடை போட்டும் முழுவதும் நின்றபாடில்லை. நானும் ஒரு தடவை ஏறும் என்று நம்பி அளவுக்கு மீறி மல்லி வாங்கிப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவன். அதனால் அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் இல்லை.

பதுக்கல்காரன் என்ற பெயர்

மேலே சொன்னது விலை இறங்கிய கதை. ஏறிய கதையும் உண்டு. 1732-ல் மேற்கு ஜப்பானில் பூச்சி விழுந்து பயிர் அழிந்தது, பஞ்சம். 1733 தொடக்கத்தில் எடோ மக்கள் கூட்டமாகச் சேர்ந்து, விலையை ஏற்ற அரசாங்கத்தோடு ஒத்துழைத்த ஒரு பெரிய அரிசி வியாபாரியின் வீட்டை உடைத்து நொறுக்கினார்கள். விலையை ஏற்றச் சொன்னவர் ஷோகன், வீடு இழந்தவர் வியாபாரி.

1837-ல் மறுபடி பஞ்சம். ஒசாகாவில் ஓஷியோ ஹெய்ஹாச்சிரோ என்ற ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி, படித்த மனிதர், அதிகாரிகளிடம் ஏழைகளுக்கு அரிசி கொடுக்கக் கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. தன் புத்தகங்களை எல்லாம் விற்றுப் பணம் பங்கிட்டார். பிறகு ஆட்களைச் சேர்த்துப் பெரிய வியாபாரிகளின் கிட்டங்கிகளைத் தாக்கினார். கலகம் ஒரே நாளில் அடங்கிவிட்டது. ஆனால் மூண்ட தீயில் ஒசாகாவில் ஐந்தில் ஒரு பங்கு எரிந்தது.

1918 ஜூலையில் டொயாமா மாவட்டத்து மீனவப் பெண்கள், தங்கள் ஊர் அரிசி கப்பலேறுவதைத் தடுக்கக் கரையில் திரண்டார்கள். முதல் உலக யுத்தக் காலம். சைபீரியாவுக்குப் படை போகிறது என்ற செய்தி. விலை நாளுக்கு நாள் ஏற்றம். பெண்கள் மூட்டிய தீ ஆகஸ்ட்டில் நாடு முழுவதும் பரவி, பிரதமர் தெராவுச்சி செப்டம்பரில் ராஜினாமா செய்தார். கோபேயில் சுசுக்கி ஷோட்டென் என்ற பெரிய வியாபார நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தை, அரிசியைப் பதுக்குகிறது என்று சொல்லிக் கூட்டம் கொளுத்திவிட்டது. அந்தக் குற்றச்சாட்டு சரியல்ல என்று பின்னாளில் ஆராய்ந்து எழுதியவர்கள் உண்டு. எரிந்தது எரிந்ததுதான். சர்க்கரைக் கடையாகத் தொடங்கி, முதலாளி இறந்த பின் அவர் மனைவி யொனே அம்மையார் முதலாளியாக இருந்து, தலைமைக் குமாஸ்தா கானெக்கோ நாவோகிச்சி வளர்த்த நிறுவனம் அது. 1927-ல் நொடித்துப் போனது.

டோஜிமா சந்தை 1939-ல் யுத்தக் கட்டுப்பாட்டில் மூடப்பட்டது.

எழுதிய விலை, ரொக்க வியாபாரம்

இனி நல்ல கதை. மிட்சுயி தகாதோஷி 1622-ல் இசே பகுதியில் மட்சுசாக்கா ஊரில் பிறந்தவர். குடும்பம் மதுவும் மீசோவும் விற்று, அடகும் பிடித்த கடை. கடையை நடத்தியது பெரும்பாலும் அவர் தாயார் ஷூஹோ. அந்த அம்மாள் சாமான்யப்பட்டவர் அல்ல. கழித்துப்போட்ட கயிற்றைக்கூட வீணாக்கமாட்டார் என்று சொல்வார்கள். மிட்சுயி, தம் ஐம்பது வயதைத் தாண்டி 1673-ல் எடோவில் எச்சிகோயா என்ற துணிக்கடையைத் திறந்தார். ஐம்பதில் ஓய்வு பற்றிப் பேசுகிறவர்கள் கவனிக்கவும்.

அன்றைய துணி வியாபாரம் எப்படி என்றால், துணியைப் பிரபு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டவேண்டும். விலை ஆளைப் பார்த்துச் சொல்லப்படும். பணம் வருடத்துக்கு இரண்டு தடவை, திதி கொடுக்கும் பண்டிகையின்போதும் வருடக் கடைசியிலும் வரும், வராமலும் போகும். வட்டியும் வராக்கடனும் சேர்த்துத்தான் விலை வைப்பார்கள். துணியை முழுச் சுருளாகத்தான் வாங்கவேண்டும். மிட்சுயி எல்லாவற்றையும் மாற்றினார். கடைக்கு வந்து வாங்கு. கையில் காசு கொடு. விலை ஒரே விலை, பேரம் கிடையாது. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வெட்டித் தருவேன். கடன் இல்லாததால் விலை குறைந்தது. சாதாரண ஜனங்கள் முதல்முறையாகப் பட்டுக் கடைக்குள் கால் வைத்தார்கள். மற்ற ஜவுளிக்காரர்கள் கூடி இவரோடு கொடுக்கல் வாங்கல் இல்லை என்று கட்டுப்பாடு போட்டார்கள், எடுபடவில்லை. 1683-ல் வேறு தெருவுக்கு மாறிப் பக்கத்திலேயே நாணயமாற்றுக் கடையும் வைத்தார். மழை பெய்தால் வாடிக்கையாளருக்குக் கடைப் பெயர் போட்ட குடையை இரவல் கொடுப்பார்கள். மழை நாளில் எடோ முழுவதும் எச்சிகோயா குடைதான். இப்படி ஒரு விளம்பரத்துக்கு இன்று எவ்வளவு கேட்பார்கள்! அந்தக் கடையே 1904-ல் மிட்சுகோஷி என்ற பலபொருள் அங்காடியாயிற்று; நாணயமாற்றுக் கடை வங்கியாயிற்று.

எல்லோரும் எடோவில் கடை போட்டுவிடவில்லை. பிவா ஏரியைச் சுற்றியுள்ள ஓமி நாட்டு வியாபாரிகள் காவடி போலத் தோளில் கம்பு போட்டு, இரு பக்கமும் சரக்கைத் தொங்கவிட்டு ஊர் ஊராக நடந்தார்கள். போகும்போது துணி, கொசுவலை. திரும்பும்போது அந்தந்த ஊர்ச் சரக்கு. வெறுங்கையோடு நடப்பதில்லை. வெளியூரில் பிழைக்கிறவன் அந்த ஊருக்கும் நல்லவனாக இருக்கவேண்டும் என்பதை அவர்கள் பழகித் தெரிந்துகொண்டார்கள். நகமுரா ஜிஹெய் என்ற ஓமி வியாபாரி 1754-ல் தம் வாரிசுக்கு எழுதிய கடிதத்தில், போகிற ஊர் மக்களை முதலில் நினை, உன் லாபத்தை மட்டும் நினைக்காதே என்ற கருத்தில் எழுதினார். விற்பவன், வாங்குபவன், ஊர் மூவருக்கும் நன்மை என்று இன்று ஜப்பானியக் கம்பெனிகள் சொல்லிக்கொள்ளும் வாசகம் பின்னாளில் இதிலிருந்து செய்துகொண்டது. 1858-ல் இப்படித் துணி சுமந்து புறப்பட்ட இதோ சூபெய் என்ற இளைஞரின் வியாபாரம்தான் இன்றைய இதோச்சு நிறுவனம்.

வியாபாரிக்காகத் துணிந்து பேசிய ஒருவரையும் சொல்லவேண்டும். இஷிடா பைகன், 1685-ல் உழவர் வீட்டில் பிறந்து, கியோட்டோவில் துணிக்கடைக் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர். 1729-ல் தம் வீட்டிலேயே இலவசமாகப் பாடம் நடத்த ஆரம்பித்தார். யார் வேண்டுமானாலும் வரலாம், பெண்களும் கேட்கலாம். வியாபாரியின் நியாயமான லாபம் சாமுராயின் சம்பளத்துக்குச் சமம், அதை வாங்க வெட்கப்படவேண்டியதில்லை. ஆனால் கள்ள லாபம் தொழிலையே கொல்லும் என்பது அவர் கட்சி. அந்தக் காலத்தில் சாமுராய் காது கேட்க இதைச் சொல்வது சின்ன விஷயமல்ல.

கடைத் திரையும் கணக்குப் புத்தகமும்

கடை வாசலில் பெயரும் சின்னமும் போட்ட துணித் திரை தொங்கும். அதற்கு நோரென் என்று பெயர். திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது. நோரென் என்றாலே கடையின் நாணயம், பெயர் என்று பொருளாகிவிட்டது. பத்து, பன்னிரண்டு வயதில் பையன் கடையில் சேருவான். சம்பளம் கிடையாது, சோறு, துணி, இரவில் எழுத்தும் சொரொபான் என்ற மணிச்சட்டமும் கற்றுத் தருவார்கள். பிறகு குமாஸ்தா, அதன் பிறகு தலைமைக் குமாஸ்தா. நல்லபடி உழைத்தவனுக்கு முதலாளி அதே பெயரில் தனிக்கடை வைத்துக் கொடுப்பார். இதற்கு நோரென் பிரிப்பது என்று பெயர். கடைப்பையனாக வந்து அண்ணாச்சியானவர்கள் நம் சங்கத்திலும் பலர். அவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. சொந்த மகன் உதவாக்கரை என்றால், கெட்டிக்காரக் குமாஸ்தாவுக்குப் பெண்ணைக் கொடுத்து, சுவீகாரம் எடுத்து, குடும்பப் பெயரையும் கொடுத்துக் கடையை ஒப்படைப்பது அங்கே சாதாரணம். இந்த ஒன்று நமக்கு ஜீரணமாவது கஷ்டம்.

பேரேட்டுக்குத் தாய்ஃபுகுச்சோ, அதாவது பெரும்பாக்கியப் புத்தகம் என்று பெயர். தீப்பிடித்தால் முதலில் அதைத் தூக்கிக் கிணற்றில் போடுவார்கள் என்று சொல்கிறார்கள். கையால் செய்த கெட்டித் தாளும் கரிமையும் தண்ணீரில் கரையாது. மரவீடுகள் நிறைந்த எடோவில் தீ அடிக்கடி வரும். கடை போனால் கட்டிக்கொள்ளலாம், யார் எவ்வளவு தரவேண்டும் என்பது போய்விட்டால் எல்லாம் போயிற்று.

நூறு வயதைத் தாண்டிய நிறுவனங்கள் ஜப்பானில் முப்பதாயிரத்துக்கு மேல் உண்டு. 578-ல் தொடங்கிய கோங்கோ குமி என்ற கோயில் கட்டும் ஒசாகா நிறுவனம் 1,400 வருடம் தனித்து நின்று, கடன் தாங்காமல் 2006-ல் வேறொரு நிறுவனத்தின் கீழ் போய்விட்டது.

நம் பக்கத்துச் சரக்கு

டச்சுக் கப்பல்கள் நாகசாகிக்குக் கொண்டுபோன சரக்கில் சோழமண்டலக் கரையின் கோடுபோட்ட பருத்தித் துணியும் ஒன்று. அதற்கு ஜப்பானியர் வைத்த பெயர் சாந்தோமே. நம் மயிலாப்பூர் சாந்தோம்தான் அது. எடோ நாகரிகக்காரர்கள் அதை ஆசையாக உடுத்தினார்கள். பிறகு உள்ளூரிலேயே அதேபோல் நெய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர்களுடைய ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் மூன்று நம்முடையவை. வீணைபோன்ற வாத்தியம் ஏந்திய பென்சாய்த்தென் சரஸ்வதி. பிஷாமொந்தென் நம் குபேரன். அரிசி மூட்டைகள் மேல் நின்று சுத்தியலும் பையும் வைத்துச் சிரிக்கும் தாய்க்கொக்குத்தென் மகாகாளனாகிய சிவபெருமான். அங்கே போய் அரிசி வியாபாரிகளின் காவலர் ஆகிவிட்டார்.

இன்னொன்று. தில்லியில் 1912-ல் வைசிராய் மேல் வீசப்பட்ட குண்டு தொடர்பாகத் தேடப்பட்ட ராஷ் பிஹாரி போஸ் 1915-ல் ஜப்பானுக்குத் தப்பினார். பிரிட்டிஷார் நெருக்கியதால் ஜப்பான் அரசாங்கம் அவரை வெளியேற உத்தரவிட்டது. அவரை ஒளித்து வைத்துக் காப்பாற்றியது யார் தெரியுமா? டோக்கியோ ஷின்ஜுக்குவில் நகமுராயா என்ற ரொட்டிக்கடை நடத்திய சோமா ஐசோ, கொக்கோ தம்பதி. கடைக்குப் பின்னால் இருந்த கட்டடத்தில் வைத்திருந்தார்கள். 1918-ல் தங்கள் மகளையும் அவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். 1927-ல் அந்தக் கடை சாப்பாட்டுக் கூடம் திறந்தபோது, போஸ் சொல்லிக் கொடுத்த இந்தியக் கோழிக்குழம்பு அங்கே பரிமாறப்பட்டது. இன்றும் கிடைக்கிறது.

இனி அந்த இளைஞரின் கேள்வி

1853-ல் அமெரிக்கக் கப்பல் வந்து கதவைத் தட்டியது, 1868-ல் மெய்ஜி அரசாங்கம், தொழிற்சாலை, ரயில், பிறகு போர் வெறி, 1945-ல் ஹிரோஷிமா, நாகசாகி. எல்லோருக்கும் தெரிந்தவை, தாண்டிப் போகிறேன்.

போருக்குப் பின் சின்னக் கடைகள் தெருத் தெருவாகப் பெருகின. சூப்பர் மார்க்கெட்டுகள் வந்தபோது கடைக்காரர்கள் சங்கமாகப் போராடி, 1973-ல் பெரிய அங்காடிச் சட்டத்தைக் கொண்டுவர வைத்தார்கள். ஓர் ஊரில் பெரிய கடை திறக்க அந்த ஊர் வியாபாரிகளோடு பேசி, பரப்பளவு, மூடும் நேரம், விடுமுறை நாள் முதற்கொண்டு சரிக்கட்டவேண்டியிருந்தது. பத்து வருடம் இழுத்ததும் உண்டு. 1989-90 பேச்சுவார்த்தையில் அமெரிக்கா நெருக்கியதால் சட்டம் தளர்ந்தது. 2000-ல் அதை எடுத்துவிட்டு, போக்குவரத்து நெரிசலையும் சத்தத்தையும் மட்டும் பார்க்கும் வேறு சட்டம் போட்டார்கள். இன்று சிற்றூர்களில் கடைத்தெரு முழுவதும் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. ஷட்டர் தெரு என்றே ஒரு சொல் வந்துவிட்டது. ஆனால் சட்டம் மட்டும் காரணம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளைகள் கடைக்கு வரவில்லை என்பதும் பாதிக் காரணம்.

வேறு வழி எடுத்தவர்களும் உண்டு. 1974 மே மாதம் டோக்கியோ டொயோசுவில் ஒரு சிறிய மதுக்கடையின் இளம் முதலாளி, தன் கடையை ஜப்பானின் முதல் செவன்-இலெவன் கடையாக மாற்றினார். அன்று முதல் வியாபாரம் 800 யென்னுக்கு ஒரு குளிர்கண்ணாடி. இன்று இப்படிப்பட்ட கடைகள் எல்லாக் கம்பெனிகளும் சேர்த்துச் சுமார் 55,000. பின்கட்டில் கிட்டங்கி கிடையாது. ஒரே நாளில் பல தடவை சிறிது சிறிதாகச் சரக்கு வரும். பல கடைகளில் உரிமையாளர் பழைய பலசரக்கு, மதுக்கடைக்காரரே. பெயர்ப்பலகை கம்பெனியுடையது, விற்காத சாப்பாட்டின் நஷ்டத்தில் பெரும்பகுதி கடைக்காரருடையது. கெடு முடியப்போகும் சாப்பாட்டை விலை குறைத்து விற்கவிடவில்லை என்று 2009-ல் அங்குள்ள நியாய வணிக ஆணையம் செவன்-இலெவனுக்கு எதிராக உத்தரவு போட்டது. தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: இருக்கிறார், முதலாளியாகவா என்பது தகராறில் இருக்கிறது.

விற்பனை வரியும் அவர்களை விடவில்லை. 1989-ல் 3 சதவீதம், 1997-ல் 5, 2014-ல் 8, 2019-ல் 10. உணவுப் பொருளுக்கு மட்டும் 8. 2023 அக்டோபரில் பதிவு எண் போட்ட பில் முறை வந்தபோது சிறு வியாபாரிகள் பட்ட பாடு நமக்குப் புரியும்.

கடைசியாக அரிசிக்கே வருகிறேன். 1970-களில் ஆரம்பித்து 2018 வரை அரசாங்கமே நெல் சாகுபடியைக் குறைக்கச் சொல்லி உதவித்தொகை கொடுத்தது. 2023-ல் கடும் வெயிலில் அரிசி தரம் கெட்டது. 2024 ஆகஸ்ட்டில் பெரிய பூகம்பம் வரலாம் என்று எச்சரிக்கை வந்ததும் ஜனங்கள் வாங்கிக் குவித்தார்கள், அலமாரிகள் காலி. 2025 மே மாதத்தில் 5 கிலோ பை 4,200 யென்னைத் தாண்டியது. ஒரு வருடத்துக்கு முன்பு இருந்ததைப்போல் இரண்டு மடங்கு. நான் அரிசி காசு கொடுத்து வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் தருகிறார்கள் என்று பேசிய விவசாய மந்திரி பதவியை இழந்தார். அரசாங்கம் கையிருப்பை வெளியில் விட்டது. அதுவரை, அரிசி இருக்கிறது, நடுவில் யாரோ அமுக்கி வைத்திருக்கிறார்கள் என்றே அதிகாரிகள் பேசிவந்தார்கள். மொத்த வியாபாரிகளைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். 2025 ஆகஸ்ட்டில் அரசாங்கம் தன் கணக்கையே சரிபார்த்து, தேவையைத் தவறாக மதிப்பிட்டுவிட்டோம், விளைச்சலே போதவில்லை என்று ஒப்புக்கொண்டது. 1918-ல் கோபேக்காரருக்கு இப்படி ஒப்புக்கொள்ள யாரும் வரவில்லை. டோஜிமா பெயரில் உள்ள சந்தையும் 2024 ஆகஸ்ட்டில் அரிசி முன்பேரத்தை மறுபடி தொடங்கியிருக்கிறது. இம்முறை திரியும் தண்ணீரும் இல்லை, கம்ப்யூட்டர்.

ஒசாகாவில் ஜனவரி 10-ஆம் தேதியை ஒட்டி வியாபாரிகள் கூட்டம் கூட்டமாக இமாமியா எபிசு கோயிலுக்குப் போய், மூங்கில் கிளையில் பொன் காசும் நெல் மூட்டையும் போலச் செய்த பொம்மைகளைக் கட்டி வாங்கி வந்து கடையில் வைப்பார்கள். எபிசு வியாபாரிகளின் தெய்வம். கையில் தூண்டிலும் மீனும் வைத்திருப்பார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று நம்பிக்கை. அதனால் முன்னால் நின்று கும்பிட்டது போதாது என்று, கோயிலைச் சுற்றிப் பின்பக்கம் போய்த் தட்டிச் சத்தம் எழுப்பி, வேண்டுதலை இன்னொரு தடவை சொல்லிவிட்டுத்தான் கடை திறக்கப் போவார்கள்.